மேற்கோள்களும் மெய்ப்பொருளும்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பாராட்டிப் பேசுவோர் இந்நாளில் இரண்டு எண்களைத் தவறாது கூறுகின்றனர். அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் இத்தனை என்பது ஒன்று; அக்கட்டுரைகளைப் பிற அறிஞர் தம் எழுத்துக்களில் மேற்கோளாக எடுத்துக்காட்டிய தடவைகள் இத்தனை என்பது மற்றொன்று. பல்கலைக்கழகங்களிலே பதவி உயர்வு வழங்குவோரும், ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோரும், விருதுகளுக்கு ஆளைத் தெரிவு செய்வோரும் இவ்வெண்களை ஆவலோடு நோக்குகின்றனர். மருத்துவம் பயில விரும்பும் எமது மாணவரும் ஆயிரம், ஈராயிரம் என்ற எண்களைக் கேட்டு வியந்து நிற்கின்றனர்.

இவ்வெண்கள் உண்மையில் எதனை அளக்கின்றன? வீட்டிலே நோயாளி ஒருவரை வைத்துக்கொண்டு கலங்கும் குடும்பத்துக்கு இவற்றால் விளையும் பயன் யாது? இவ்வினாக்களை வெறும் ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடாமல், எமது மாத்தளை மாவட்டத்தின் ஒரு பகுதியையே வாட்டிவரும் கொடிய நோய் ஒன்றை உரைகல்லாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

எழுதிவைத்தலும் எடுத்துக்காட்டலும்

அறிவை எழுத்திலே பொறித்துவைக்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கு எமது மாவட்டம் புதியதன்று. மாத்தளை நகரை அடுத்துள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திரிபிடகம் ஏட்டிலே எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் மனிதரைக் கொண்டுபோனால் அவர்தம் நெஞ்சிலிருந்த அறிவும் உடன் போய்விடும் என்ற அச்சமே அப்பணிக்குக் காரணம் என்பர்.

ஆராய்ச்சிக் கட்டுரையும் அத்தகைய ஏடுதான். மருத்துவர் ஒருவர் தாம் கண்டதை, எவ்வாறு கண்டார், எத்தனை பேரிடம் கண்டார், எந்த அளவைகளைக் கொண்டு கண்டார் என்ற விவரங்களுடன் எழுதுகின்றார். சஞ்சிகையின் ஆசிரியர் அதனைத் துறைபோகிய வேறு சிலரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கின்றார். அவர்கள் குறை கூறியவிடத்துத் திருத்தியபின் கட்டுரை அச்சேறுகின்றது. எமது நாட்டில் இலங்கை மருத்துவச் சங்கம் வெளியிட்டுவரும் சஞ்சிகை 1887 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆசியாவில் இடையறாது வாழ்ந்துவரும் மிகப் பழைய மருத்துவச் சஞ்சிகைகளுள் அஃது ஒன்றாகும்.

மேற்கோள் என்பதும் தமிழருக்குப் பழக்கமானதே. எமது உரையாசிரியர்கள் தாம் கூறும் பொருளுக்குச் சான்றாக முன்னோர் நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டினர். ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக எமக்குக் கிடைக்கவில்லை. உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாளப்பட்ட செய்யுட்கள் வாயிலாகவே அவற்றை ஓரளவு அறிகின்றோம். பிறர் எடுத்துக்காட்டியதனாலேயே ஒரு நூல் உயிர் தப்பியது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ? ஆயின் உரையாசிரியர் முன்னோரை எடுத்துக்காட்டுவது எப்பொழுதும் உடன்படுவதற்கு மட்டுமன்று, மறுப்பதற்காகவும் எடுத்துக்காட்டுவர். இந்த வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

எண்ணத் தொடங்கியவர்

மேற்கோள்களை ஒழுங்காகத் தொகுத்து எண்ணும் முறையை விஞ்ஞான உலகுக்கு அளித்தவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்ட் என்பவர். அவருடைய நாட்டு வழக்கறிஞரிடையே 1873 ஆம் ஆண்டு முதல் ஒரு பட்டியல் வழங்கிவந்தது. ஒரு வழக்கின் தீர்ப்பைப் பின்வந்த நீதிமன்றங்கள் எவ்வெவ்விடங்களில் எடுத்துக்காட்டின, எங்கே ஏற்றன, எங்கே தள்ளின என்று அப்பட்டியல் காட்டும். அதனைப் போன்ற ஒன்று விஞ்ஞானத்துக்கும் வேண்டும் என்று கார்ஃபீல்ட் 1955 ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார். பிலடெல்பியா நகரில் அவர் நிறுவிய நிலையம் 1964 ஆம் ஆண்டில் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டது.

அவர் முதலில் கருதியது நூலகப் பயனையேயாம். ஒரு கட்டுரையைப் படித்த மாணவன், அதன்பின் அதே பொருளை எவர் எவர் தொடர்ந்து ஆராய்ந்தனர் என்று தேடிச் செல்ல அஃது ஒரு வழிகாட்டி. நாளடைவில் அவ்வழிகாட்டியே தராசாகிவிட்டது. சஞ்சிகை ஒன்றில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் அவ்வாண்டில் சராசரியாக எத்தனை தடவை எடுத்துக்காட்டப்பட்டன என்ற கணக்குச் சஞ்சிகையின் ‘தாக்கக் காரணி’ எனப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் தனி ஆராய்ச்சியாளருக்கும் ஓர் அளவை வகுத்தார். அதற்கு எச்-சுட்டெண் என்று பெயர்.

அந்த எண்ணின் கணக்கு எளிது. ஒருவர் 40 கட்டுரைகள் எழுதியிருக்கின்றார் என்று கொள்வோம். அவற்றுள் 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 தடவையேனும் எடுத்துக்காட்டப்பட்டு, எஞ்சியவை அதனிலும் மிகாது எடுத்துக்காட்டப்பட்டிருந்தால், அவருடைய எச்-சுட்டெண் 12 ஆகும். ஒரேயொரு கட்டுரை ஆயிரம் தடவை எடுத்துக்காட்டப்பட்டாலும் இவ்வெண் உயராது. எவராலும் பார்க்கப்படாத கட்டுரைகளை நூறாக எழுதிக் குவித்தாலும் உயராது. தொடர்ந்து பலராலும் கவனிக்கப்படும் வகையில் எழுதியவருக்கே இது கூடும். ஆதலின் இதனை வீணான எண் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. எண் எதைக் கூறுகின்றது, எதைக் கூறாது விடுகின்றது என்பதே அறியத்தக்கது.

வில்கமுவவின் நோய்

இனி எமது உரைகல்லுக்கு வருவோம். மாத்தளை மாவட்டம் என்றவுடன் மலைச்சாரலும், தேயிலையும், மிளகும், சாதிக்காயும் நினைவுக்கு வரும். ஆயின் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், மகாவலி கங்கையை அடுத்து, வஸ்கமுவ வனத்தின் அயலிலே கிடக்கும் வில்கமுவப் பிரிவு முற்றிலும் வேறான நிலம். அது உலர் வலயம். நெற்செய்கையே அங்குள்ளோரின் வாழ்வு. வெயிலும் கடுமை, கிணற்று நீரும் கடினம்.

1990 களில் வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளில் ஒரு புதுமை கவனிக்கப்பட்டது. சிறுநீரகங்கள் நாட்பட்டுப் பழுதுறுவதற்கு வழக்கமான காரணங்கள் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஆகும். அங்கு வந்த நோயாளர் பலருக்கோ இவ்விரண்டும் இல்லை. பெரும்பாலோர் கமக்காரர், உழைக்கும் வயதினர். மதவாச்சி, பதவியா, கிராந்துருக்கோட்டை ஆகிய இடங்களின் பெயர்களோடு வில்கமுவவின் பெயரும் பின்னர் இந்நோயின் வரலாற்றிலே இடம் பெற்றது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர் இதற்குப் பெயரிட்டனர். நோயின் பெயரிலேயே அறியாமை குறிக்கப்பட்டிருக்கின்றது.

இதன் கொடுமை யாதெனில், இது ஓசையின்றி வரும். சிறுநீரகத்திலே குருதியை வடிக்கும் நுண்ணிய சல்லடைகள் உண்டு. வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியதை மீட்டெடுக்கும் நுண்குழாய்களும் உண்டு. நீரிழிவு பெரும்பாலும் முதலிலே சல்லடைகளைத் தாக்கும். இந்நோயோ நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் சிதைக்கின்றது. பாதிக்கு மேல் பழுதுறும்வரை கமக்காரர் வழக்கம்போல வயலுக்குப் போய்வருவார். களைப்பும் வீக்கமும் பசியின்மையும் தோன்றும்பொழுது காலம் கடந்துவிட்டிருக்கும். பின்னர் இயந்திரத்தின் உதவியாற் குருதியைச் சுத்திகரிப்பதும், மாற்றுச் சிறுநீரகம் தேடுவதும் அன்றி வேறு வழியில்லை. உழைப்பவர் வீழ்ந்த வீட்டிலே பிள்ளைகளின் படிப்பும் வீழ்கின்றது.

கட்டுரைகள் பெருகின

நோயின் காரணத்தைத் தேடி ஆராய்ச்சியாளர் பலர் புறப்பட்டனர். நீரிலுள்ள புளோரைட்டு என்றார் ஒருவர். உணவிற் கலந்த கட்மியம் என்றார் மற்றொருவர். குளத்து நீரிலே வளரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு என்றும், ஆசனிக் என்றும், பூஞ்சணத்தின் நஞ்சு என்றும், நீரின் கடினத்தன்மை என்றும், வெயிலில் நீரருந்தாது உழைப்பதே என்றும் வெவ்வேறு கருத்துக்கள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டுரைகள் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேற்கோள்கள் உண்டு.

உலக சுகாதார ஸ்தாபனமும் எமது சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2013 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணித்தபொழுது, ஆண்களில் 100 க்கு 12.9 பேரும் பெண்களில் 100 க்கு 16.9 பேரும் இந்நோயுடையவராகக் காணப்பட்டனர். நோய் முற்றிய நிலையில் இருந்தோர் ஆண்களிடையேதான் கூடுதல். நோயாளரின் சிறுநீரிலே கட்மியம் மிகுந்திருந்தது என்றும் அவ்வாய்வு கூறிற்று.

அடுத்த ஆண்டு, 2014 பெப்ரவரியில், ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சன்ன ஜயசுமனவும் கூட்டாளர் இருவரும் சுற்றாடற் சுகாதாரம் பற்றிய சர்வதேசச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினர். கிளைபோசேட் என்னும் களைநாசினி கடின நீரிலுள்ள கல்சியத்தோடும் ஆசனிக் முதலிய உலோக நஞ்சுகளோடும் இணைந்து, அவற்றைச் சிறுநீரகம்வரை ஏந்திச் செல்கின்றதோ என்பது அவர்கள் எழுப்பிய வினா. அக்கட்டுரை புதிய பரிசோதனை முடிவுகளைத் தந்ததன்று. அறியப்பட்ட செய்திகளை ஒன்றுசேர்த்துக் கட்டிய கருதுகோளேயாம். அதன் தலைப்பே வினாக்குறியோடு முடிகின்றது.

அவ்வினா உலகமெங்கும் பரவியது. பல நூறு கட்டுரைகள் அதனை எடுத்துக்காட்டின. எண்ணை மாத்திரம் நோக்கினால், இலங்கையிலிருந்து சென்ற மருத்துவக் கட்டுரைகளுள் பெருந்தாக்கம் விளைத்தவற்றின் வரிசையிலே அதனை வைக்க வேண்டும். அத்தாக்கம் ஏட்டோடும் நிற்கவில்லை. 2015 ஆம் ஆண்டில் அரசு கிளைபோசேட்டைத் தடைசெய்தது. நோயால் வாடிய உலர் வலயத்து மக்களுக்கு அஃது ஆறுதலாக இருந்தது. ஆயின் அதே தடை எமது மலைச்சாரலுக்கும் வந்தது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே களையை அடக்குதல் எங்ஙனம் என்ற கேள்வி எழுந்தது. கைகளாற் களை பிடுங்கும் பணி யாருடைய முதுகில் ஏறும் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்கள் நன்கறியும். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2022 இல் இறக்குமதித் தடையும் நீக்கப்பட்டது.

இந்த வரலாற்றை நாம் நினைவூட்டுவது எவரையும் குறைகூறும் பொருட்டன்று. கருதுகோளை எழுப்புதல் விஞ்ஞானியின் உரிமை, கடமையுங்கூட. களைநாசினியைக் குற்றவாளி என்று உறுதிசெய்யவோ, குற்றமற்றது என்று விடுவிக்கவோ போதிய சான்று இன்னும் சேரவில்லை. பாதிக்கப்பட்ட பகுதிகளின் கடின நீர்க் கிணறுகளிலே அந்நஞ்சு தங்கியிருப்பதை 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எனினும் நீரிலே இருத்தல் வேறு. நோயை விளைவித்தல் வேறு. நாம் கவனிக்க வேண்டியது இதனையே: ஒரு கட்டுரை பல நூறு தடவை எடுத்துக்காட்டப்பட்ட பின்னும், ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்த பின்னும், அது எழுப்பிய வினா வினாவாகவே நிற்கலாம்.

293 பேரின் நீர்க்குடம்

வில்கமுவவிலேயே நடைபெற்ற ஓர் ஆய்வு இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்காவின் கனெற்றிக்கட் பல்கலைக்கழகத்தாரும், எமது நாட்டுச் சிறுநீரக வைத்தியரும், பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியலாளரும் அதிற் கூடினர். நோயின் தொடக்க, நடு நிலைகளில் இருந்த 293 பேரை அவர்கள் தெரிவு செய்தனர். ஒரு முறை குருதி எடுத்து ஓய்ந்துவிடாமல், காலந்தோறும் அவர்களுடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் வலு எவ்வாறு மாறுகின்றது என்று பின்தொடர்ந்து அளந்தனர். அவர்கள் பருகிய கிணறுகளின் நீரையும் பகுத்தாய்ந்தனர். முடிவுகள் 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தன. கிணற்று நீரைக் குடிநீராகக் கொண்டிருந்தோரின் சிறுநீரக வலு மற்றையோரினும் தாழ்ந்திருந்தமை காணப்பட்டது. கிணறுகள் பலவற்றிலே பீடைநாசினிகளும் இருந்தன.

இத்தகைய ஆய்வின் அருமையை எண்ணிப் பாருங்கள். நோய் வந்தவரையும் வராதவரையும் ஒரு நாள் நிறுத்திவைத்து ஒப்பிடுதல் எளிது. அதனால் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பது புலப்படாது. அதே மனிதரை மாதக்கணக்கிலே தொடர்ந்து பார்க்க வேண்டுமாயின், வீடுவீடாகச் செல்ல வேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அவர்களை மறித்துக் குருதி கேட்க வேண்டும். அவர்களும் நம்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவு உழைப்பும் சேர்ந்து ஆராய்ச்சியாளரின் பட்டியலிலே ஒரு வரியாகவே பதியும். ஒரு மேசையின் முன் அமர்ந்து பிறருடைய முடிவுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையும் அதே பட்டியலில் ஒரு வரிதான். வரிகளை எண்ணுபவருக்கு இரண்டும் ஒன்று. அன்றியும், தொகுப்புக் கட்டுரைகளே எடுத்தாள்வதற்கு வசதியானவை. ஆதலின் அவற்றுக்கே மேற்கோள்கள் மிகுதியாக விழுவதும் உண்டு.

எடுத்துக்காட்டப்படுவதன் காரணங்கள்

ஒரு கட்டுரை மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவதற்குப் பல காரணங்கள் உள. அது பயன்மிக்க கருவியாக இருத்தல் ஒன்று. உலகிலே மிகக் கூடுதலாக எடுத்துக்காட்டப்பட்ட விஞ்ஞானக் கட்டுரை எது என்று 2014 இல் கணக்கிட்டபொழுது, 1951 ஆம் ஆண்டில் ஒலிவர் லவுரி என்பவரும் கூட்டாளரும் எழுதியதே முதலிடம் பெற்றது. கரைசலொன்றிலே புரதம் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் முறையை அது கூறுகின்றது. அதற்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். பரம்பரையின் இரகசியமாகிய டி.என்.ஏ.யின் அமைப்பை 1953 இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட கட்டுரையோ முதல் நூற்றுக்குள்ளும் வரவில்லை. சமையலறையில் அகப்பையின் பெயர் நாள்தோறும் சொல்லப்படும். அடுப்பைக் கண்டுபிடித்தவனை நினைப்பார் இல்லை.

மறுப்பதற்காக எடுத்துக்காட்டுதல் மற்றொரு காரணம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே இடப்படும் தடுப்பூசியைப் பிள்ளைகளின் ஓட்டிசம் என்னும் நிலையோடு தொடர்புபடுத்தி, இங்கிலாந்தில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் 1998 இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் எழுதினார். அவர் பார்த்தது 12 பிள்ளைகளையே. பின்வந்த பெரிய ஆய்வுகள் அத்தொடர்பை மறுத்தன. கட்டுரையிலே நேர்மையீனமும் வெளிப்பட்டது. 2010 இல் சஞ்சிகை அதனை முற்றாக மீளப்பெற்றது. ஆயினும் அக்கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை அதனை மறுத்துக் கூறுபவை. இயந்திரம் எண்ணும்பொழுது புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் வேறுபாடு காண்பதில்லை. அதற்கிடையில் அதனை நம்பிய பெற்றோர் தடுப்பூசியை மறுத்தமையால் சின்னமுத்து மீண்டும் தலைதூக்கிய நாடுகளும் உண்டு.

துறைகளின் பருமனும் எண்ணை மாற்றும். புற்றுநோயை ஆராய்வோர் உலகிலே பல்லாயிரவர். ஆதலின் ஒருவரையொருவர் எடுத்துக்காட்டுதலும் மிகுதி. ஒரு சிறு தீவின் உலர் வலயத்து நோயை ஆராய்வோர் சிலரே. உள்நாட்டுச் சஞ்சிகையிலே வந்த கட்டுரை, கிராமத்து வைத்தியசாலையில் பணிபுரியும் இளம் வைத்தியருக்கு மறுநாளே உதவக்கூடும். அவரோ நோயாளியைப் பார்ப்பார், கட்டுரை எழுதமாட்டார். ஆகவே அவர் அடைந்த பயன் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

எண்ணிலும் எண்ணுக்கு வெளியிலும் ஒருவர்

சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டுகின்றது. 1895 ஆம் ஆண்டில் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த அவர், வறுமையோடு போராடி மருத்துவம் கற்று, அமெரிக்கா சென்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே சேர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசு எவ்வளவு உள்ளது என்பதை நீல நிறத்தின் செறிவைக் கொண்டு அளக்கும் முறையை, சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925 இல் வெளியிட்டார். உயிரிரசாயனத்திலே மிகக் கூடுதலாக எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. தசை இயங்குவதற்கு வேண்டிய ஆற்றலைச் சேமிக்கும் பொருள்களைப் பற்றியும் அவ்விருவரும் அரிய கட்டுரைகள் எழுதினர். இத்தனைக்கும் பின்னர் ஹாவார்ட்டிலே அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் தலைமையில் நடந்த பணிகளிற் பல அவருடைய பெயரால் வழங்கப்படவில்லை. அவர் குழுவினர் ஆக்கிய மருந்தைக் கொண்டுதான், குருதிப் புற்றுநோயுற்ற பிள்ளைகளிடம் அந்நோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கலாம் என்று சிட்னி ஃபார்பர் 1948 இல் காட்டினார். யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசீன் என்னும் மருந்து 1947 இல் அங்கிருந்தே வெளிவந்தது. 1948 ஓகஸ்ட்டில் சுப்பாராவ் காலமானார்.

அந்த மருந்தின் பிற்கால வரலாறு எமது நாட்டோடு நெருங்கியது. 2002 முதல் 2006 வரை, மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில், அல்பெண்டசோல் என்னும் மருந்தோடு சேர்த்து அது மக்களனைவருக்கும் ஆண்டுதோறும் வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது. மாத்திரையை விழுங்கிய இலட்சக்கணக்கான மக்களுள் சுப்பாராவின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? அவர்கள் எவரும் அவரை மேற்கோள் காட்டவில்லை. தம் கால்களை வீக்கமின்றி வைத்திருக்கின்றனர். ஆய்வுகூடத்து முறையொன்றுக்கு எண்ணிறந்த மேற்கோள்களும், மக்களைக் காத்த மருந்துக்கு அவருடைய பெயரில்லாத நன்றியும் கிடைத்தன.

மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள்

இவ்வாறாயின் எண்களை எறிந்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. எண்ணே இல்லையாயின் செல்வாக்கும் உறவும் முகத்துதியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். எவரும் எடுத்துப் பாராத கட்டுரைகளை அடுக்கிவைத்துக்கொண்டு அறிஞர் என்று உலாவுவாரைக் காட்டிக்கொடுப்பதும் இவ்வெண்ணே. சஞ்சிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரின் ஆராய்ச்சியை மதிப்பிடலாகாது என்று, சன்பிரான்சிஸ்கோ நகரிலே 2012 இல் கூடிய அறிஞர் ஒரு பிரகடனம் வகுத்து, அடுத்த ஆண்டில் வெளியிட்டனர். உலகின் பல பல்கலைக்கழகங்கள் அதனை ஏற்றுள்ளன. எண்ணை விளக்காகக் கொள்க. தீர்ப்பாகக் கொள்ளற்க என்பதே அதன் சாரம்.

ஆதலின் ஆராய்ச்சியாளர் ஒருவரின் பட்டியலைக் காணும் மாணவர் சில வினாக்களைக் கேட்டல் நன்று. இவருடைய கட்டுரைகளுள் சிறந்தது எது? அதில் இவர் செய்த பங்கு யாது? இருபது பெயர்களுள் ஒன்றாக நிற்கின்றாரா, அன்றித் தாமே திட்டமிட்டு நடத்தினாரா? பிறர் இவரை எடுத்துக்காட்டியது உடன்பட்டா, மறுத்தா? தம்மையே தாம் எடுத்துக்காட்டிய தொகை எவ்வளவு? இவர் கண்ட முடிவை வேறொருவர் வேறோரிடத்தில் மீண்டும் செய்து பார்த்தபொழுது அதுவே கிடைத்ததா? இறுதியாக, நோயாளி ஒருவருக்கேனும் அதனால் வாழ்வு நீண்டதா?

பெற்றோருக்கும் ஒரு சொல். உடல்நலம் பற்றிய பரபரப்பான செய்தி எதுவும் இந்நாளில் ஆராய்ச்சி முடிவு என்ற போர்வையோடுதான் வீட்டுக்குள் வருகின்றது. ஒரு கட்டுரை பெரிதும் பேசப்படுகின்றது என்பதால் அது மெய்யாகிவிடாது. பேசப்படவில்லை என்பதால் பொய்யாகியும் விடாது. எத்தனை பேரிடம், எத்தனை காலம், எவ்வாறு பார்த்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஊட்டலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

வில்கமுவவின் நோய்க்குக் காரணம் ஒன்றா, பலவா என்பது இன்னும் முடிவாகவில்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திரத்து உத்தானம் பகுதியிலும் இதனையொத்த நோய் உழைப்பாளரைத் தாக்குகின்றது. அங்கும் தேடல் தொடர்கின்றது. எனினும் காரணம் முழுதும் தெளிவாகும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. கிணற்று நீர் ஐயத்துக்குரியது என்ற அளவிலேயே, உலர் வலயத்துக் கிராமங்கள் பலவற்றில் நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. குருதியிலே கிரியேட்டினின் என்னும் கழிவின் அளவையும் சிறுநீரிலே புரதத்தையும் காலந்தோறும் சோதித்தால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். தொடக்கத்திற் கண்டால் அதன் வேகத்தைத் தணிக்க வைத்தியர்களால் இயலும்.

இந்நோயின் காரணத்தை உறுதியாக நாட்டப்போகும் ஆராய்ச்சியாளர் இப்பொழுது எமது மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் வகுப்பறையில் அமர்ந்திருக்கவும் கூடும். தமிழ் மாணவராயினும் சிங்கள மாணவராயினும், அவருக்கு ஆயிரம் மேற்கோள்கள் வந்து சேருமாயின் மகிழ்ச்சியே. ஆயின் அவருடைய ஆராய்ச்சியின் நிறையை அறிய விரும்புவோர் பட்டியல்களைப் புரட்டுவதோடு நின்றுவிடாமல், ஹெட்டிப்பொலைக்கு அப்பாலுள்ள வயல்வெளிக்கும் சென்று பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக் கமக்காரர் ஒருவர் வைத்தியசாலையின் இயந்திரத்தோடு பிணைக்கப்படாமல், தம் வயலிலே தாமே ஏர் நடத்திக்கொண்டிருப்பாராயின், அவ்வாராய்ச்சி பலித்தது என்று அறியலாம்.